பிஎல்டிசி மோட்டாருக்கு எந்தச் சென்சார்? வாங்கும் முன்பும் பொருத்தும்போதும் செய்ய வேண்டியவை

மதுரை கே.புதூர் தொழிற்பேட்டையில் சிறு பட்டறை வைத்து, பழைய இயந்திரங்களில் உள்ள இன்டக்‌ஷன் மோட்டார்களைக் கழற்றிவிட்டு பிஎல்டிசி (பிரஷ் இல்லாத நேர்மின்சார) மோட்டார் பொருத்திக் கொடுக்கும் வேலையைச் செய்துவருகிறேன். கைத்தறி நகரில் ஒரு நெசவாளர் வீட்டுத் தார் சுற்றும் (நெசவு நூலைச் சிறு குச்சிகளில் சுற்றும்) இயந்திரத்துக்கு மட்டும் நான்கு மாதங்களில் மூன்று வகைச் சென்சார்களை மாற்றிப் பார்த்தேன். பயன்படாத பொருள்களுக்கும் லேத் கூலிக்கும் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கைவிட்டுப் போனது. பணத்தைவிட, "நூல் அறுந்துட்டே இருக்கு தம்பி, பழைய மோட்டாரையே மாட்டிக் கொடுத்துடுங்க" என்று அந்தப் பெரியவர் சொன்னதுதான் உறுத்தியது. புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் அதே பள்ளத்தில் விழாமல் இருக்க, நான் இப்போது கடைப்பிடிக்கும் வரிசையை இங்கே எழுதுகிறேன்.

பிஎல்டிசி மோட்டாரில் காந்தங்கள் சுழலும் பாகமான ரோட்டரிலும் சுருள்கள் அசையாத பாகமான ஸ்டேட்டரிலும் இருக்கின்றன. கார்பன் பிரஷ் இல்லாததால், எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் கொடுப்பது என்பதைக் கன்ட்ரோலர்தான் முடிவுசெய்ய வேண்டும். ரோட்டர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று தெரியாமல் அதை முடிவுசெய்ய முடியாது. அந்தக் கோணத்தைச் சொல்வதுதான் நிலைச் சென்சாரின் வேலை.

1. மிகக் குறைந்த வேகத்தை முதலில் எழுதுங்கள்

கடைக்குப் போனதும் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி "இது எத்தனை பிட்?" (ஒரு சுற்றை எத்தனை படிகளாகப் பிரிக்கும்?) என்பதுதான், நானும் அப்படித்தான் கேட்டேன். அதற்கு முன் ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: பாரத்தோடு மோட்டார் சுற்ற வேண்டிய மிகக் குறைந்த வேகம், மிக அதிக வேகம், நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது இருக்கும் பாரம், மோட்டார் அமரப்போகும் இடத்தின் தூசி, வெப்பம், ஈரம். இவற்றில் முதல் விவரமே பாதி முடிவைச் செய்துவிடும்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் சொட்டுநீர்ப் பம்புக்கு மோட்டார் மாற்றினோம். பம்பு கிளம்பும்போது பாரம் மிகக் குறைவு. வேகம் கூடக் கூடத்தான் பாரம் ஏறும். ஒரு நாளில் நாலைந்து முறைதான் நின்று கிளம்பும். இத்தகைய வேலைக்குச் சென்சாரே தேவையில்லை. சுழலும் காந்தம் சுருளில் உண்டாக்கும் எதிர் மின்னழுத்தத்தைப் படித்தே கன்ட்ரோலர் கோணத்தைக் கணித்துக்கொள்ளும். மின்விசிறிகள் பலவும் இப்படித்தான் ஓடுகின்றன. சென்சார் இல்லையென்றால் அதற்குரிய வயர் இல்லை, கனெக்டர் இல்லை, தண்ணீர் இறங்கிப் பழுதாக ஒன்றுமில்லை.

ஆனால் எதிர் மின்னழுத்தம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், மோட்டார் நிற்கும்போது அது பூஜ்யம்; மெதுவாகச் சுற்றும்போது இரைச்சலில் மூழ்கிவிடும். ஆகவே நின்ற இடத்திலிருந்து முழுப் பாரத்தை இழுக்க வேண்டிய வண்டிக்கும், நூல் இழுவிசை பார்த்து மெதுவாகக் கிளம்ப வேண்டிய தார் இயந்திரத்துக்கும் இந்த முறை ஒத்துவராது. நிற்கும்போதே கோணம் கண்டுபிடிக்கும் உயர் அதிர்வெண் உத்தி ஒன்று உண்டு. அது எல்லா ரோட்டர் அமைப்புகளுக்கும் பொருந்தாது என்பதால் தொடக்கத்தில் அதை நம்பி இறங்காதீர்கள்.

2. துருவ இணைகளை எண்ணுங்கள்

ரோட்டர் காந்தங்களில் ஒரு வடக்கும் ஒரு தெற்கும் சேர்ந்தது ஒரு துருவ இணை. மோட்டாரின் பெயர்ப்பலகையில் துருவ எண்ணிக்கை இருந்தால் அதை இரண்டால் வகுத்தால் போதும். இல்லாவிட்டால், மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளையில் ஒன்று அல்லது இரண்டு ஆம்பியர் வைத்து, மூன்று ஃபேஸ் வயர்களில் ஏதாவது இரண்டுக்கு நேர்மின்சாரம் கொடுங்கள். அச்சைக் கையால் மெதுவாகச் சுற்றினால் சில இடங்களில் 'சொடக்' என்று இழுத்து நிற்கும். ஒரு முழுச் சுற்றில் எத்தனை இடங்களில் அப்படி நிற்கிறதோ அதுவே துருவ இணைகளின் எண்ணிக்கை. அச்சில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எண்ணிக்கை தவறாது.

இயந்திரக் கோணத்தைத் துருவ இணைகளால் பெருக்கினால் மின்கோணம் கிடைக்கும்; கன்ட்ரோலருக்குத் தேவையானது மின்கோணம்தான். என் தார் இயந்திர மோட்டாரில் 4 இணைகள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்காகச் செய்த தள்ளுவண்டியின் ஹப் மோட்டாரில் (சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டார்) 46 காந்தங்கள், அதாவது 23 இணைகள். சென்சார் செய்யும் ஒரு பாகைப் பிழை முதலாவதில் 4 பாகையாகவும் இரண்டாவதில் 23 பாகையாகவும் பெருகும். ஆகவே துருவ இணைகள் தெரியாமல் சென்சார் வாங்குவது, அடி அளக்காமல் துணி கிழிப்பது போன்றது.

3. கன்ட்ரோலர் எதை வாங்கிக்கொள்ளும் என்று பாருங்கள்

நல்ல சென்சாரை வாங்கி வந்த பிறகு, கன்ட்ரோலரில் அதற்கு இடமே இல்லை என்று கண்டுபிடிப்பவர்கள் நிறைய. வண்டிகளுக்கென மலிவாக வரும் கன்ட்ரோலர்களில் காந்தத்தை உணரும் ஹால் சென்சாருக்கான ஐந்து கம்பி கனெக்டர் மட்டுமே இருக்கும். வெஸ்க், ஓடிரைவ் போன்ற கன்ட்ரோலர்களும் சிம்பிள்எஃப்ஓசி நிரல் நூலகமும் பல வகைகளை ஏற்கும். ஆயினும் நீங்கள் வாங்கும் போர்டில் எந்தப் பின்கள் வெளியே எடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை அதன் படத்தில் சரிபாருங்கள். சென்சார் 5 வோல்ட்டில் ஓடி, கன்ட்ரோலரின் உள்ளீடு 3.3 வோல்ட்டை மட்டுமே தாங்குவதாக இருந்தால், நடுவில் மட்டம் மாற்றும் சுற்று தேவைப்படும். இது இருபது ரூபாய் விஷயம்தான். மறந்தால் போர்டே போய்விடும்.

4. வகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

*ஹால் சென்சார்.* மூன்று சிறு சில்லுகள் 120 மின்பாகை இடைவெளியில் ஸ்டேட்டர் பள்ளங்களில் ஒட்டப்பட்டிருக்கும். மூன்றும் சேர்ந்து ஒவ்வொரு 360 மின்பாகைக்கும் ஆறு நிலைகளைச் சொல்லும். மூன்றும் பூஜ்யம் அல்லது மூன்றும் ஒன்று என்ற நிலை 120 பாகை அமைப்பில் வரவே கூடாது; வந்தால் ஒரு ஹால் செத்துவிட்டது அல்லது வயர் அறுந்துவிட்டது என்று பொருள். சில மோட்டார்களில் 60 பாகை அமைப்பு இருக்கும். அங்கே அந்த இரு நிலைகளும் முறையானவை. கன்ட்ரோலரில் அமைப்பை மாற்றாவிட்டால் நல்ல மோட்டாரைப் பழுது என்று திருப்பி அனுப்புவீர்கள்.

வண்டிக்கு ஹால் சென்சாரே போதும் என்பது என் உறுதியான கருத்து. 23 இணைகள் உள்ள ஹப் மோட்டாரில் ஒரு சுற்றுக்கு 138 முறை நிலை மாறுகிறது, அதாவது 2.6 பாகைக்கு ஒரு தகவல். பூக்கூடைகளை ஏற்றிக்கொண்டு கிளம்ப அது தாராளம். அதே ஹால் என் தார் இயந்திரத்தில் தோற்றது ஏனென்றால், 4 இணைகளில் ஒரு சுற்றுக்கு 24 தகவல்கள்தான் கிடைக்கின்றன. 30 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 30 சுற்று) வேகத்தில் கிளம்பும்போது விநாடிக்கு 12 தகவல்கள். இரண்டு தகவல்களுக்கு நடுவே 83 மில்லி விநாடி கன்ட்ரோலர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறது. போதாததற்கு, இந்த ஆறு நிலைகளை மட்டும் வைத்து ஓட்டும் ஆறு படி முறையில் உண்மையான கோணத்துக்கும் கொடுக்கும் மின்னோட்டத்துக்கும் இடையில் 30 பாகை வரை விலகல் இருப்பதால் முறுக்குவிசை 13 சதவீதம் அளவுக்கு ஏறி இறங்கும். வேகமாக ஓடும்போது ரோட்டரின் எடை அதை விழுங்கிவிடும்; மெதுவாக ஓடும்போது அந்த ஏற்ற இறக்கம் முழுவதும் நூலில் தெரியும். அறுபதாம் நம்பர் நூல் அதைத் தாங்கவில்லை.

*ஒளி என்கோடர்.* கோடுகள் பொறித்த தட்டும் ஒளிக்கதிரும் கொண்டது. ஏ, பி என்ற இரண்டு அலைகளையும், சுற்றுக்கு ஒரு முறை இசட் என்ற அடையாளத் துடிப்பையும் தரும். 1000 கோடுகள் உள்ள தட்டில் நான்கு மடங்கு எண்ணி 4000 படிகள் பெறலாம். துல்லியத்தில் குறையில்லை. இதை மாட்டியபோது முதல் பதினைந்து நாள் இயந்திரம் அவ்வளவு அழகாக ஓடியது. பதினாறாம் நாள் வேகம் அவ்வப்போது தடுமாறியது. இருபதாம் நாள் நின்றுவிட்டது. மூடியைக் கழற்றிப் பார்த்தால், தட்டின் விளிம்பைச் சுற்றிப் பஞ்சுத் துகள் மெல்லிய வெள்ளை வளையமாகப் படிந்திருந்தது. பாவுக்குப் போட்ட கஞ்சியின் பொடியும் அதோடு சேர்ந்து, விரலால் தொட்டால் ஒட்டியது. நான் வாங்கியது ஐபி50 தரம்; ஐபி என்பது தூசியும் நீரும் புகாமல் காக்கும் அளவைச் சொல்லும் குறியீடு. முதல் இலக்கம் 6 ஆக இருந்தால்தான் தூசி முற்றிலும் புகாது. தறிக்கூடம், மாவு மில், மரப்பட்டறை ஆகியவற்றுக்கு ஒளி என்கோடர் வாங்குவதென்றால் ஐபி65க்குக் கீழே பார்க்க வேண்டாம்.

இன்னொரு பொறி: இவ்வகை என்கோடர் பெரும்பாலும் நகர்ந்த தூரத்தை மட்டுமே சொல்லும், மின்சாரம் வந்தவுடன் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரியாது. கரண்ட் போய் வந்த ஒவ்வொரு முறையும் மோட்டார் ஒரு உலுக்கு உலுக்கித் தன் இடத்தைத் தேடும். அந்த உலுக்கலை ஏற்க முடியாத இயந்திரமாக இருந்தால், ஹால் அலைகளையும் சேர்த்துத் தரும் மாதிரியைக் கேளுங்கள் அல்லது மின்சாரம் வந்ததுமே நிற்கும் கோணத்தைச் சொல்லும் சென்சாருக்குப் போங்கள்.

*காந்த என்கோடர்.* அச்சின் முனையில் ஒரு சிறு காந்தம், அதற்கு எதிரே ஒரு சில்லு, அவ்வளவுதான். மின்சாரம் வந்த உடனே கோணத்தைச் சொல்லிவிடும். தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் அதைப் பாதிப்பதில்லை. தார் இயந்திரத்தில் கடைசியாக நிலைத்தது இதுதான். அச்சின் முனை வெளியே தெரியும் மோட்டாருக்கே இது எளிதில் பொருந்தும். அச்சு அசையாமல் நின்று உடல் சுற்றும் ஹப் மோட்டாருக்கு இந்த முறையில் பொருத்த வழியில்லை.

*ரிசால்வர்.* சில்லு எதுவும் இல்லாத, சுருள்களால் ஆன சுழல் மின்மாற்றி. வெப்பத்தையும் அதிர்வையும் நன்றாகத் தாங்குவதால் மின்சாரக் கார்களில் இடம்பெறுகிறது. இதன் சைன், கோசைன் அலைகளைக் கோணமாக மாற்றத் தனிச் சில்லு தேவை. அந்தச் சில்லின் விலையில் என் தார் இயந்திர மோட்டாரையே வாங்கிவிடலாம். சிறு பட்டறைக்காரர்கள் இதைத் தாண்டிச் சென்றுவிடலாம்.

5. பிழையையும் தாமதத்தையும் கணக்குப் போடுங்கள்

பிட் எண்ணிக்கை எத்தனை படிகளாகப் பிரிக்கிறது என்பதைத்தான் சொல்லும். சொன்னது சரியா என்பதைச் சொல்லாது. 14 பிட் என்றால் 16,384 படிகள், ஒரு படி 0.022 பாகை. காந்தம் சற்று நடுவிலகி அமர்ந்தால் அதே சென்சார் 0.8 பாகை தவறாகச் சொல்லக்கூடும். 4 இணை மோட்டாரில் அது 3.2 மின்பாகை, முறுக்குவிசை இழப்பு கண்ணுக்கே தெரியாது. 23 இணை மோட்டாரில் அது 18.4 மின்பாகை, 5 சதவீத முறுக்குவிசை வெப்பமாகப் போய்விடும். டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) நேரியல் பிழை என்ற வரியைத் தேடி, அதைத் துருவ இணைகளால் பெருக்கிப் பாருங்கள். பத்து மின்பாகைக்குள் இருந்தால் நான் கவலைப்படுவதில்லை.

தாமதம் அதைவிடக் கள்ளத்தனமானது. 4 இணை மோட்டார் 1000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது ரோட்டர் விநாடிக்கு 24,000 மின்பாகை கடக்கிறது. ஏஎஸ்5600 என்ற மலிவான 12 பிட் சில்லை ஐ2சி என்ற தகவல் தடம் வழியாக 400 கிலோஹெர்ட்ஸில் படிக்க ஏறத்தாழ 0.115 மில்லி விநாடி ஆகும். அதற்குள் ரோட்டர் 2.8 மின்பாகை நகர்ந்துவிடும். இது பரவாயில்லை. ஆனால் அந்தச் சில்லு பெட்டியிலிருந்து வரும்போது உள்ளிருக்கும் வடிகட்டி மிக மெதுவான அமைப்பில் இருக்கிறது. மாற்றம் ஒன்றை முழுதாகக் காட்ட 2.2 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். அதற்குள் ரோட்டர் 50 மின்பாகைக்கு மேல் போய்விடும். மோட்டார் ஓடும், ஆனால் சூடாகும், வேகம் ஏற ஏறத் திணறும். நீங்கள் மோட்டாரைத் திட்டுவீர்கள். வடிகட்டியை மிக வேகமான அமைப்புக்கு மாற்றினால் இது 0.286 மில்லி விநாடியாகக் குறையும். அதற்கு விலையாக இரைச்சல் கொஞ்சம் கூடும்.

ஏஎஸ்5600 பழகுவதற்கும் சில நூறு ஆர்பிஎம் வேலைகளுக்கும் நல்லது. அதன் ஐ2சி முகவரியை மாற்ற முடியாது என்பதால் இரண்டு கதிர்களுக்கு (தார்க்குச்சியைச் சுழற்றும் தண்டுகள்) இரண்டை ஒரே கம்பித் தடத்தில் இணைக்க முடியாது. அதில் 'டிர்' என்று குறிக்கப்பட்ட பின்னைத் தரையுடனோ சப்ளையுடனோ இணைக்காமல் தொங்கவிட்டால் சுழலும் திசை தானாக மாறி மாறிக் காட்டும். ஆயிரம் ஆர்பிஎம்முக்கு மேல் தொடர்ந்து ஓட வேண்டுமானால் எஸ்பிஐ என்ற வேறொரு தகவல் தடம் வழியே பேசும் 14 பிட் ஏஎஸ்5047பி போன்றதற்குப் போய்விடுங்கள். வேகத்தால் வரும் தாமதத்தை அது உள்ளேயே ஈடுசெய்கிறது. தேவைப்பட்டால் ஏ, பி அலைகளையும் ஹால் போன்ற மூன்று அலைகளையும் வெளியிடுகிறது. ஹால் மட்டுமே ஏற்கும் கன்ட்ரோலருக்கும் இதனால் இது பொருந்தும்.

6. வாங்குதல்: ஆவணம், செலவு, நாள்

பணம் கொடுப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: சென்சாரின் டேட்டாஷீட், மோட்டாரின் அளவு வரைபடம், ஹால் அலைகளும் ஃபேஸ் அலைகளும் எப்படிப் பொருந்துகின்றன என்று காட்டும் வரைபடம். மூன்றாவதை விற்பவர் தானாகத் தரமாட்டார். கேட்டால்தான் மோட்டார் செய்தவரிடமிருந்து வாங்கித் தருவார். கேளுங்கள், அது ஒரு நாள் வேலையை மிச்சமாக்கும். மோட்டாரைப் புதிதாக ஆர்டர் செய்கிறீர்கள் என்றால், பின்பக்கமும் அச்சு நீட்டிக்கொண்டிருக்கும் மாதிரியைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் லேத்தில் கொடுத்து நீட்சி போட எனக்கு 1,200 ரூபாய் ஆனது. அதுவும் நேராக வரவில்லை.

நான் கொடுத்த விலைகள் இவை. உங்கள் ஊரில் முன்பின் இருக்கும். தனி ஹால் சில்லு 40 ரூபாய், ஏஎஸ்5600 போர்டு 220, ஏஎஸ்5047பி போர்டு 1,900, ஐபி50 ஒளி என்கோடர் 5,200. இவற்றின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர்கள் பில்லில் தங்கள் எண்ணைப் போட்டு வாங்கினால்தான் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியும். இணையத்தில் சொந்தக் கணக்கில் அவசரமாக ஆர்டர் போட்டு இதைக் கோட்டை விடுவது வழக்கம்.

நாள் கணக்கு: கோயம்புத்தூரில் இருப்பு இருந்தால் பார்சல் மறுநாளே மதுரைக்கு வந்துவிடும். பெங்களூருவிலிருந்து கூரியர் மூன்று நான்கு நாள். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. அதில் ஐந்து நாள் சுங்கத்தில் காகிதம் கேட்டு நின்றது. தொழிலுக்காக இறக்குமதி செய்வதென்றால் பான் எண்ணை அடிப்படையாகக் கொண்ட ஐஇசி எனும் இறக்குமதி-ஏற்றுமதி எண் தேவை. டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம்) இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி எடுக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் விவரங்களை அதே தளத்தில் உறுதிசெய்ய வேண்டும். அதற்குக் கட்டணமில்லை, ஆனால் மறந்தால் எண் முடங்கிவிடும். இரண்டு மூன்று சில்லுகளுக்காக இந்தப் பாடு வேண்டாம். ரூபாயில் பில் போடும் உள்நாட்டு விற்பனையாளரிடம் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து வாங்குவதே லாபம்.

கடையில் ஏமாறும் இடங்கள் இரண்டு. முதலாவது, பழுதான ஹாலை மாற்றப் போனால் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று 3144 என்ற எண்ணுள்ள சில்லைக் கொடுப்பார்கள். எனக்கும் கொடுத்தார்கள், நானும் மூன்றையும் பற்றவைத்து, மோட்டாரை மூடிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். அது காந்தத்தின் ஒரு துருவத்துக்கு மட்டும் விழித்து, காந்தம் விலகியதும் தூங்கிவிடும் வகை. மோட்டாருக்குத் தேவையானது, ஒரு துருவத்துக்கு விழித்து எதிர்த் துருவம் வரும்வரை அதே நிலையில் நிற்கும் லாட்ச் வகை. ஹப் மோட்டார்களில் பழக்கமாகப் போடுவது எஸ்எஸ்41எஃப். வெப்பத் தாங்குதிறன் 150 பாகை செல்சியஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். கத்திரி வெயிலில் பாரத்தோடு ஓடும் மோட்டாரின் உள்ளே 85 பாகைச் சில்லு நெடுநாள் பிழைக்காது.

இரண்டாவது, காந்தம். காந்த என்கோடருக்கு விட்டத்தின் குறுக்கே காந்தமேற்றிய வட்டு தேவை. அதாவது வட்டமான முகத்தின் ஒரு பாதி வடக்கு, மறுபாதி தெற்கு. கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது ஒரு முகம் வடக்கும் மறுமுகம் தெற்குமான வட்டு. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பள்ளிக்கூடத்துத் திசைகாட்டியின் பக்கத்தில் வட்டைப் படுக்கவைத்து, இருந்த இடத்திலேயே சுற்றுங்கள். முள் கூடவே சுற்றினால் சரியான காந்தம். முள் அசையாமல் இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

7. பொருத்துதல்

பொதுவாகப் பயன்படும் காந்தம் 6 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. சில்லுக்கும் அதற்கும் இடையே ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் பெரும்பாலான சில்லுகளுக்குச் சரியாக இருக்கும். டேட்டாஷீட் சொல்லும் எல்லையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். காந்தத்தை இரும்பு அச்சில் நேரடியாகப் பதிக்காதீர்கள். இரும்பு காந்தப்புலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பித்தளை அல்லது அலுமினியத்தில் சிறு குப்பி கடைந்து அதில் வையுங்கள். லேத்தில் நூற்றைம்பது ரூபாய்க்குள் முடியும் வேலை.

இங்கேதான் என் மூன்றாவது தோல்வி நடந்தது. குப்பி வர இரண்டு நாள் ஆகும் என்பதால், உடனே ஒட்டும் பசையால் காந்தத்தை ஒட்டி ஓடவிட்டேன். ஒரு வாரம் ஓடியது. பிறகு ஒரு மதியம், கிளம்பச் சொன்ன கதிர் எதிர்த்திசையில் பாய்ந்து, கன்ட்ரோலர் தடுக்கத் தடுக்க வேகமெடுத்து, தார்க்குச்சியை எதிர்ச்சுவரில் எறிந்தது. யாருக்கும் அடிபடவில்லை. கழற்றிப் பார்த்ததில் காந்தம் இருந்த இடத்திலேயே சற்றுத் திரும்பியிருந்தது. கணக்குப் பார்த்தால் வியப்பாக இருக்கும்: கோணப் பிழை 90 மின்பாகையைத் தாண்டினால் முறுக்குவிசை எதிர்த்திசைக்குப் போய்விடும், 4 இணை மோட்டாரில் 90 மின்பாகை என்பது 22.5 இயந்திரப் பாகை. 6 மில்லிமீட்டர் காந்தத்தின் விளிம்பில் அது 1.2 மில்லிமீட்டர் நகர்வு மட்டுமே. இரண்டு பாகம் கலக்கும் ஆரல்டைட் வகைப் பசையைப் போட்டு ஒரு நாள் முழுவதும் உலரவிடுங்கள். கூடவே, வேகம் எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் அமைப்பைக் கன்ட்ரோலரில் கட்டாயம் இயக்கி வையுங்கள்.

ஹப் மோட்டாருக்கு வேறு கவலை. அச்சு தன் பிடியிலிருந்து நழுவிச் சுற்றினால், உள்ளே வரும் வயர்கள் முறுக்கி அறுந்து, ஃபேஸ் மின்னழுத்தம் ஹால் கம்பியில் ஏறி, சில்லுகளோடு கன்ட்ரோலரும் போய்விடும். அச்சைப் பிடிக்கும் இரும்புத் தகடு இல்லாமல் வண்டியை வெளியே விடாதீர்கள்.

8. வயர் இணைப்பு

ஹால் கம்பிகளில் வழக்கமாகச் சிவப்பு 5 வோல்ட், கறுப்பு தரை, மஞ்சள், பச்சை, நீலம் அலைகள். வழக்கம்தான், விதி அல்ல. மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுச் சப்ளை கொடுங்கள். ஹாலின் வெளியீடு கீழே இழுக்க மட்டுமே தெரிந்தது என்பதால், கன்ட்ரோலரில் இல்லாவிட்டால் ஒவ்வோர் அலைக்கம்பிக்கும் 5 வோல்ட்டோடு 4.7 கிலோஓம் மின்தடை சேர்க்க வேண்டும். அதன் பிறகு சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் மூன்று கம்பிகளும் பூஜ்யத்துக்கும் 5 வோல்ட்டுக்கும் மாறி மாறித் தாவ வேண்டும். தாவாத கம்பியின் சில்லை மாற்றுங்கள்.

சென்சார் கம்பிகளை ஃபேஸ் கம்பிகளோடு ஒரே குழாயில் விடுவது எல்லோரும் செய்யும் தவறு. தனிக் குழாய் போடுங்கள். உறை போட்ட கேபிளின் உறையைக் கன்ட்ரோலர் பக்கம் மட்டும் தரையில் இணையுங்கள். சென்சாரின் அருகிலேயே சப்ளைக்குக் குறுக்கே 100 நானோஃபாரட் மின்தேக்கி வையுங்கள். எஸ்பிஐ, ஐ2சி இரண்டும் போர்டுக்குள் பேசுவதற்கென்று வந்தவை. அரை மீட்டருக்கு மேல் போனால் சிக்கல் தொடங்கும். கன்ட்ரோலர் தள்ளி இருந்தால், ஒவ்வோர் அலையையும் இரட்டைக் கம்பியில் நேரும் எதிருமாக அனுப்பும் ஆர்எஸ்422 வெளியீடு உள்ள என்கோடரை வாங்குங்கள்.

மூன்று ஃபேஸ், மூன்று ஹால் என்று எப்படி மாற்றினாலும் 36 சேர்க்கைகள். அவற்றில் ஆறுதான் சரியாக ஓடும், மூன்று முன்னே, மூன்று பின்னே. முப்பத்தாறையும் முயல வேண்டாம். ஹால் கம்பிகளை அப்படியே விட்டு, ஃபேஸ் கம்பிகளை மட்டும் ஆறு விதமாக மாற்றிப் பாருங்கள். ஒன்று சரியாக வரும். திசை எதிராக இருந்தால் இரண்டு ஹால் கம்பிகளை இடம் மாற்றி, மீண்டும் ஆறையும் பாருங்கள். சோதிக்கும்போது மின்னோட்ட வரம்பைக் குறைத்து வைத்திருங்கள். தவறான சேர்க்கையில் மோட்டார் உறுமும் அல்லது துடித்து நிற்கும். சில தவறான சேர்க்கைகளில் ஓடவும் ஓடும், ஆனால் வெறுமையாக ஓடும்போதே மின்னோட்டம் பல மடங்கு ஏறியிருக்கும். ஓடுகிறது என்பதை மட்டும் பார்த்து மூடியை மாட்டிவிடாதீர்கள், அம்மீட்டரைப் பாருங்கள்.

9. தொடக்கக் கோணத்தைப் பதிந்து ஓடவிடுங்கள்

என்கோடரின் பூஜ்யமும் மோட்டாரின் பூஜ்யமும் ஒன்றாக அமையாது. பாரத்தைக் கழற்றிவிட்டு, கன்ட்ரோலரின் சீரமைப்புக் கட்டளையைக் கொடுத்தால், அது ஒரு நிலையான மின்னோட்டத்தைச் செலுத்தி ரோட்டரை ஓரிடத்துக்கு இழுத்து, அங்கே என்கோடர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளும். அச்சில் பெல்ட் மாட்டியிருந்தால் ரோட்டர் முழுதாக இழுபடாது. கிடைக்கும் எண் பொய்யாக இருக்கும். ஐந்து முறை செய்து பாருங்கள். ஐந்தும் இரண்டு மூன்று மின்பாகைக்குள் ஒத்துவர வேண்டும். வராவிட்டால் காந்தம் ஆடுகிறது அல்லது துருவ இணைகளின் எண்ணிக்கையைத் தவறாகப் போட்டிருக்கிறீர்கள்.

பிறகு இரு திசையிலும் ஒரே வேகத்தில் வெறுமையாக ஓட்டி மின்னோட்டத்தை ஒப்பிடுங்கள். ஒரு திசையில் குறைவாகவும் மறுதிசையில் அதிகமாகவும் இருந்தால் தொடக்கக் கோணம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. இரண்டும் சமமான பிறகே பாரம் ஏற்றுங்கள். தார் இயந்திரத்தில் இந்த ஒரு சோதனைக்கு எனக்கு ஆன நேரம் இருபது நிமிடம்.

கிடைத்த தொடக்கக் கோணம், துருவ இணைகள், ஹால் கம்பி வரிசை, காந்தம் ஒட்டிய தேதி ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, கன்ட்ரோலர் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். கைத்தறி நகர்ப் பெட்டியில் ஒட்டியிருப்பது 217 பாகை, 4 இணை. காந்தத்தைக் கழற்றி ஒட்டினாலோ மோட்டாரை மாற்றினாலோ முதல் எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுத வேண்டும் என்று அதன் கீழே சிவப்பு மையில் குறித்திருக்கிறேன்.